உங்கள் ஓய்வு இன்னும் முடியவில்லை

ஞானஜோதி கேட்டது அரை மணி நேரம். வேலையில் அரை மணி குறைத்துக் கேட்கவில்லை, நகர்த்திக் கேட்டாள். ஒன்பதரைக்கு வந்து ஆறு மணிக்குப் போகிறவள், ஒன்பதுக்கு வந்து ஐந்தரைக்குப் போகிறேன் என்றாள். நாற்காலி அதே நாற்காலி, வேலை அதே வேலை. வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் குறிப்புகளைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் போட வேண்டும். கிளி கடித்தால் ஓர் எண், வாத்து கடித்தால் வேறோர் எண். ஓய்வும் பொழுதுபோக்கும் இல்லாமல் போவதற்குக்கூட எண் இருந்தது. ஏழு வருடத்தில் அதை மூன்று முறை போட்டிருக்கிறாள். மூன்று பேரும் வெளிநாட்டுக்காரர்கள்.

ஐந்து நாற்பத்திரண்டுக்குச் சானடோரியம் ஸ்டேஷனில் ஒரு செங்கல்பட்டு வண்டி. அதைப் பிடித்தால் ஆறு இருபத்தைந்துக்குச் சிங்கப்பெருமாள் கோவில். ஆறு நாற்பத்தைந்துக்கு அவள் கணவன் ஆல்வினுடைய கம்பெனி பஸ் வந்து அவனை இரவு ஷிப்டுக்கு ஏற்றிக்கொண்டு போய்விடும். நடுவில் இருபது நிமிடம். நடைக்கு ஐந்து போனால் பதினைந்து. அந்தப் பதினைந்து நிமிடத்தில் நான்கு வயது ரோஸி அவன் கையிலிருந்து இவள் கைக்கு மாற வேண்டும்.

ஆறு மணிக்குக் கிளம்பினால் அடுத்த வண்டி ஆறு இருபத்தெட்டு, வீடு போய்ச் சேர ஏழேகால். இடைப்பட்ட அந்த அரை மணிக்கு இதுவரை எதிர்வீட்டுப் பேபி அக்கா இருந்தாள். பேபி அக்காவின் மகளுக்கு ஓசூரில் பிரசவம். ஜூன் ஒன்றாம் தேதிக்குள் அவள் போய்விடுவாள், ஆறு மாதம் வரமாட்டாள்.

இவ்வளவையும் ஞானஜோதி விண்ணப்பத்தில் எழுதினாள். ஒன்றை மட்டும் எழுதவில்லை. அவளும் ஆல்வினும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் விழித்திருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் என்பது. அதற்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்று தெரியவில்லை.

"எனக்கு ஒரு அப்ஜெக்ஷனும் இல்லம்மா," என்றார் டீம் லீடர் சூர்யநாராயணன். "போன வருஷம்னா நானே சரி போன்னு சொல்லிருப்பேன். இப்ப இதெல்லாம் ஒர்க் லைஃப் பேலன்ஸ்ல வந்துடுது. நான் தொடக் கூடாது. ஆறாவது மாடிக்கு அனுப்பணும்."

"அர மணி நேரம்தானே சார்."

"அதான் பிரச்சனை. பெரிய விஷயம்னா அவங்களுக்கு டைம் இருக்காது. சின்ன விஷயம்னா ரொம்ப ஆழமா போவாங்க."

ஆறாவது மாடியில் முன்பு சாப்பாட்டு அறை இருந்தது. ஊழியர்கள் மதியம் அங்கே உட்கார்ந்து சும்மா பேசிக்கொண்டிருப்பார்கள். ஊழியர் நலனுக்கென்று தனிப் பிரிவு தொடங்க இடம் தேவைப்பட்டதால் சாப்பாட்டு அறையை எடுத்துவிட்டார்கள். இப்போது எல்லோரும் அவரவர் கம்ப்யூட்டர் முன்னாலேயே சாப்பிட்டார்கள். நலப்பிரிவில் நாற்காலிகள் கிடையாது, பெரிய ரப்பர் பந்துகள் மட்டும். உட்கார்ந்தால் உருளும். உருளாமல் உட்காரப் பழகுவது முதல் பாடம்.

பிரிவின் தலைவி சுபத்ரா மேடம் ஐம்பது வயதிலும் பந்தின் மீது ஆடாமல் அசையாமல் இருந்தார். குரலும் அப்படித்தான் இருந்தது.

"விண்ணப்பத்தை விடுங்க ஜோதி. அது பேப்பர். நீங்க சொல்லுங்க. ஒரு நாள்ல உங்களுக்கே உங்களுக்குன்னு ஒரு நேரம் இருக்கா?"

உருண்டுவிடாமல் இருப்பதிலேயே கவனம் எல்லாம் போய்க்கொண்டிருந்ததால் ஞானஜோதி யோசிக்காமல் உண்மையைச் சொல்லிவிட்டாள்.

"ட்ரெயின்ல மேடம்."

"ட்ரெயின்ல என்ன?"

"ஆறு இருபத்தெட்டுல, லேடீஸ் பெட்டில. தினம் அதே ஆளுங்கதான் வருவோம். தாம்பரத்துல கீரை வாங்கிட்டு ஏறுவாங்க. எல்லாரும் மடியில பேப்பர் விரிச்சு ஆய்வோம். பீன்ஸ்னா நார் எடுப்போம். வீட்டுக்குப் போனா அடுப்புல வைக்க வேண்டியதுதான் பாக்கி. பேசிட்டே வருவோம். பேசாமயும் வருவோம்."

சுபத்ரா மேடம் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். கண் லேசாகக் கலங்கியிருந்தது.

"ரெண்டு வருஷமா இதைத்தான் தேடிட்டிருக்கோம்," என்றார்.

படியிறங்கும்போது ஞானஜோதி நினைத்துப் பார்த்தாள். ஆல்வினிடம்கூட அவள் இதைச் சொன்னதில்லை. சொல்ல என்ன இருக்கிறது, கீரை ஆய்வதில். ஆனால் சொன்ன பிறகு, வீட்டுச் சாவியை யாரிடமோ கொடுத்துவிட்டு வந்ததுபோல் இருந்தது. அன்று இரவு ரோஸியிடம், "கொஞ்ச நாள்ல அம்மா ஆறு இருபத்தஞ்சு வண்டிலயே வந்துடுவேன்," என்றாள். ரோஸி அப்போதே கதவைப் பார்த்தாள்.

பத்து நாளில் மெயில் வந்தது. விண்ணப்பத்துக்குப் பதில் இல்லை. 'லேடீஸ் பெட்டி: நம் மண்ணின் மன அமைதி' என்று ஒரு திட்டம் தொடங்குவதாக இருந்தது. தினமும் மாலை ஐந்தரை முதல் ஆறேகால் வரை, பெண் ஊழியர்கள் அனைவருக்கும் கட்டாயம், வழிகாட்டி ஞானஜோதி.

"அஞ்சரைக்கு மேல யாருக்கும் வேலை கிடையாது," என்றார் சூர்யநாராயணன். "சிஸ்டமே ஆஃப் ஆயிடும். கம்பெனி அர மணி நேரம் தருது, நீங்க கால் மணி நேரம் தரணும். அதான் பேலன்ஸ்."

"அஞ்சரைக்கு மேல வேலை இல்லன்னா நான் வீட்டுக்குப் போறேன் சார்."

"ரெஸ்ட் எடுக்காம எப்படிம்மா போவ?"

ஆறாவது மாடியின் பாதியை அடைத்து ரயில் பெட்டி செய்திருந்தார்கள். எதிரெதிர் இருக்கைகள், தொங்கும் கைப்பிடிகள், சுற்றாத மின்விசிறி, சிவப்புச் சங்கிலி எல்லாம் இருந்தன. ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் நீளமான திரை. வண்டிச் சத்தத்துக்கு ஒலிபெருக்கி. முதல் நாள் கீரை பிளாஸ்டிக் உறையில், ஆய்ந்து கழுவியே வந்துவிட்டது. பெண்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஞானஜோதியைப் பார்த்தார்கள். மறுநாளிலிருந்து மதியம் இரண்டு துப்புரவுப் பணியாளர்கள் உட்கார்ந்து, ஆய்ந்த கீரையில் தண்டும் பழுத்த இலையும் கொஞ்சம் மண்ணும் கலந்து வைத்தார்கள். ஐந்தரைக்கு நாற்பது பெண்கள் அதைப் பிரித்தெடுத்தார்கள். ஆறேகாலுக்கு மேல் அது மறுபடி கலக்கப்பட்டது. கீரையை வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதி இல்லை. கொண்டுபோனால் அது வேலையாகிவிடும்.

சுபத்ரா மேடம் ஒரு பட்டியலோடு நின்றார். சிரிப்பு, பெருமூச்சு, தோள் தளர்தல் என்று மூன்று கட்டங்கள். சிரிப்பு ஆளுக்கு நான்குக்குக் குறைந்தால் மறுநாள் பதினைந்து நிமிடம் கூடுதல் ஓய்வு எடுக்க வேண்டும். அதற்குப் பயந்து எல்லோரும் முதல் பத்து நிமிடத்திலேயே நான்கையும் சிரித்து முடித்துவிட்டு, பிறகு மும்முரமாகக் கீரை ஆய்ந்தார்கள்.

"பெட்டியில நெருக்கடி இல்ல, அதான் ரியலா இல்ல," என்று கருத்துப் படிவத்தில் யாரோ ஒருத்தி எழுதினாள். கிண்டலுக்கு எழுதியதுதான். அடுத்த நாளிலிருந்து, வேலைப் பயிற்சியில் இருந்த ஆறு பெண்கள் நின்றுகொண்டே வந்து, ஒலிபெருக்கி தாம்பரம் என்று சொல்லும்போது எல்லோரையும் இடித்துத் தள்ளினார்கள். அது அவர்களுடைய பயிற்சி மதிப்பெண்ணில் சேரும்.

ஆறேகாலுக்கு விட்டதும் ஞானஜோதி ஓடிப்போய் உண்மையான ஆறு இருபத்தெட்டில் ஏறினாள். கன்னியம்மா முறம் போல் மடியை அகட்டி உட்கார்ந்திருந்தாள். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலை. கூடுவாஞ்சேரியில் இறங்குவாள். பக்கத்தில் சாராள் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி கையெல்லாம் பச்சையா கீது?" என்றாள் கன்னியம்மா. "வரசொல்லயே ஆய்ஞ்சிகினு வன்ட்டியா?"

ஞானஜோதி சொன்னாள். இருவரும் ரொம்ப நேரம் சிரித்தார்கள். அவள் மனம் அதை எண்ணியது. ஒன்று, இரண்டு, கன்னியம்மா மூன்று. எண்ணுகிறோம் என்று தெரிந்ததும் உடம்பு கூசியது. சாராளிடமிருந்து வாங்கிய கொத்தை அவள் மெதுவாக, எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்து ஆய்ந்துகொண்டிருந்தாள், யாருக்கோ சொல்லித்தருவதைப் போல.

"இங்க குடு அத," என்று சாராள் பிடுங்கிக்கொண்டாள். "பாக்கவே பேஜாரா இருக்கு."

மூன்றாவது வாரம் ஜன்னல் திரைக்குப் படம் வந்தது. கம்பெனி ஆட்கள் கேமராவோடு ஐந்து நாற்பத்திரண்டு வண்டியில் ஏறி, சானடோரியத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரை எடுத்திருந்தார்கள். வெட்டாமல் ஒட்டாமல் நாற்பத்து மூன்று நிமிடம். தாம்பரம் போனது, பெருங்களத்தூர் போனது, வண்டலூரில் மரங்கள் போயின. பெண்கள் கீரையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். ஞானஜோதிக்கு இருப்புக் கொள்ளவில்லை. இப்போது, இதே நிமிடத்தில், இந்த வண்டி நிஜமாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. அவள் மட்டும் அதில் இல்லை.

மறைமலைநகர் தாண்டியது. சிங்கப்பெருமாள் கோவில் நடைமேடை திரைக்குள் நகர்ந்து வந்தது. வண்டி நிற்கப்போகும் நேரம், சிமெண்ட் பெஞ்சுக்குப் பக்கத்தில் கம்பெனிச் சட்டை போட்ட ஒருவன், தோளில் குழந்தையோடு. குழந்தை லேடீஸ் பெட்டியின் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு வந்தது. கேமராவைப் பார்த்தது. அதைத் தாண்டி அடுத்த ஜன்னலைப் பார்த்தது. படம் முடிந்தது.

"சோ ஸ்வீட்," என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

ஞாயிற்றுக்கிழமை ஆல்வினிடம் கேட்டபோது அவன் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். திரும்பவில்லை.

"நீ சொன்னியாம் அந்த வண்டில வருவேன்னு. அஞ்சே முக்காலுக்கே செருப்ப மாட்டிட்டு நிக்கிறா. ஒரு வாட்டி பாத்துட்டு வந்துட்டா அப்பறம் சமத்தா பேபி அக்கா வீட்டுக்குப் போயிடுறா."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ வந்துடுவியா?"

திங்கட்கிழமை அவள் படியேறிப் போய், பந்தின் மேல் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னாள்.

"மேடம், அந்தப் படத்துல கடைசில வர்ற குழந்தை என் பொண்ணு. எனக்காகத்தான் நிக்கிறா. ஒண்ணாம் தேதிக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கு. என் அப்ளிகேஷன்…"

சுபத்ரா மேடம் எழுந்து வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஜோதி. அப்ப நீங்க தினமும் உங்க குழந்தையை ஆபீஸ் டைம்லயே பாக்குறீங்க. கரெக்டா ஆறேகாலுக்கு. அஞ்சு நாளும். வேற எந்தக் கம்பெனியில இது கிடைக்கும் சொல்லுங்க?" பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் என் பையனைப் பார்த்தே எட்டு மாசம் ஆச்சு. இந்த டிபார்ட்மெண்ட்ட நிக்க வைக்கிறதுலயே நேரம் போயிடுது. பேலன்ஸ் சும்மா வராது," என்றார்.

மாலையில் விண்ணப்பத்துக்குப் பதில் வந்துவிட்டது. 'கோரிக்கை நிறைவேற்றப்பட்டது.' கீழே இன்னொரு வரி: கட்டடத்திலேயே உயர்ந்த சமநிலை மதிப்பெண் பெற்றவர் என்பதாலும், ஐந்தரை முதல் ஆறேகால் வரை வழிகாட்டியாகத் தேவைப்படுவதாலும் நேர மாற்றம் அவசியமில்லை.

அன்று முதல் ஒரு புதிய விதியும் வந்தது. திரையில் குழந்தை தோன்றும்போது எல்லோரும் மூச்சை ஆழமாக இழுத்து, நான்கு எண்ணி, விட வேண்டும். நாற்பது பெண்கள் ஒன்றாக மூச்சு இழுப்பதை ஞானஜோதி கேட்டாள். அவளுக்கு மூச்சு வரவில்லை.

புதன்கிழமை, திரையில் தாம்பரம் வந்தது. இடித்துத் தள்ளும் பெண்கள் தயாராக நின்றார்கள். ஞானஜோதி மடியிலிருந்த கீரையை இருக்கையில் வைத்தாள்.

"வழி விடுங்க. எறங்கணும்."

"எங்க எறங்குறீங்க?" என்றார் சுபத்ரா மேடம்.

"தாம்பரம் வந்துடுச்சு மேடம். ட்ரெயின்னா எறங்குறவங்க எறங்குவாங்க."

மேடம் பட்டியலைப் பார்த்தார். அதில் அதற்குக் கட்டம் இல்லை. அவர் யோசித்து முடிப்பதற்குள் அவள் கதவைத் தாண்டியிருந்தாள். பின்னாலேயே நாற்பது பேரின் செருப்புச் சத்தம். எல்லோருக்கும் தாம்பரத்தில் இறங்க வேண்டியிருந்தது. ராஜகீழ்ப்பாக்கத்துக்காரி, மேடவாக்கத்துக்காரி, ஜென்மத்தில் ரயில் ஏறாதவள் எல்லோரும். ஆறு மாடிப் படிகளையும் அவர்கள் ஓடியே இறங்கினார்கள். வாசலில் தானியங்கிக் கதவுக்கு ஞானஜோதி அடையாள அட்டையைக் காட்டினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. சின்னத் திரையில் எழுத்து ஓடியது.

'உங்கள் ஓய்வு இன்னும் முடியவில்லை.'

மணி ஐந்து முப்பத்தெட்டு. அவள் மறுபடி காட்டினாள். மறுபடி அதையே சொன்னது. நாற்பது பேரும் வரிசையில் நின்று காட்டினார்கள். செக்யூரிட்டி தலையைச் சொறிந்தார். "என்னால தொறக்க முடியாதும்மா. நானே எட்டு மணி வரைக்கும் ரெஸ்ட்ல இருக்குறதா காட்டுது."

இவ்வளவு நடந்தும் யாரையும் தண்டிக்கவில்லை. மாறாக, வெள்ளிக்கிழமை எல்லோரையும் கூட்டி சுபத்ரா மேடம் பேசினார். "புதன்கிழமை நீங்க எங்களுக்கு ஒரு பாடம் சொல்லிக்குடுத்தீங்க. உங்களுக்கு வெளிய போகணும்னு ஏக்கம் இருக்கு. அந்த ஏக்கத்தை நாங்க மதிக்கிறோம். மதிச்சு, அதையும் ப்ரோக்ராம்ல சேர்த்துட்டோம். ஒண்ணாம் தேதியிலேர்ந்து செஷன் நிஜ ட்ரெயின்லயே நடக்கும். அஞ்சு நாப்பத்திரெண்டு. எல்லாருக்கும் டிக்கெட் கம்பெனி எடுக்கும்."

ஞானஜோதிக்கு ஒரு கணம் காலடியில் தரை வந்ததுபோல் இருந்தது. ஐந்து நாற்பத்திரண்டு.

"செங்கல்பட்டு வரைக்கும் போறோம். அங்க ஒரு ஹால்ல ஃபீட்பேக், குரூப் போட்டோ. பஸ்ல திரும்ப ஆபீஸ், அங்கேர்ந்து வீட்டுக்கு. நடுவுல யாரும் எறங்க வேண்டாம். முக்கியமா வழிகாட்டி."

சனிக்கிழமை பேபி அக்கா ஓசூர் போய்விட்டாள். ஞாயிறு முழுக்க ஞானஜோதி வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தாள். ஆல்வின் ஏற்கெனவே இரண்டு முறை பஸ்ஸை விட்டவன். மூன்றாவது முறை விட்டால் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். "நாளைக்கு அந்த வண்டில இருப்ப இல்ல?" என்றான். "இருப்பேன்," என்றாள். அது உண்மைதான்.

திங்கட்கிழமை லேடீஸ் பெட்டியில் நாற்பது பெண்கள் கம்பெனி அடையாள அட்டைப் பட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏறியதும், ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர்கள் ஒடுங்கி இடம் விட்டார்கள். ஒரு மூலையில் கன்னியம்மா.

"நீ எப்படி இந்த வண்டில?" என்றாள் ஞானஜோதி.

"நீதான சொன்ன, ஒண்ணாந்தேதிலேர்ந்து இந்த வண்டின்னு. எங்க மேஸ்திரியாண்ட, அர அவர் முன்ன வந்து அர அவர் முன்ன போறேன்னேன். போன்னான்."

"அவ்வளவுதானா?"

"வேற இன்னா சொல்லுவான்?"

சுபத்ரா மேடம் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றார். பந்தின் மேல் ஆடாத உடம்பு இங்கே ஒவ்வொரு குலுக்கலுக்கும் யார் மேலாவது சாய்ந்தது. பெருங்களத்தூரில் ஒருத்தி எழுந்து அவருக்கு இடம் கொடுத்தாள். ஞானஜோதிக்கு எதிர் இருக்கை. மடியில் பட்டியல்.

"தோளைத் தளர்த்துங்க ஜோதி. நீங்க வழிகாட்டி," என்றார்.

அவள் தோள் தளரவில்லை. ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி. கன்னியம்மா இறங்க வேண்டிய இடம், இறங்கவில்லை. "இன்னா ஆவுதுன்னு பாத்துட்டுப் போறேன்," என்றாள். பொத்தேரி, காட்டாங்குளத்தூர். ஞானஜோதியின் கை தானாக அரைக்கீரையைக் கிள்ளிக்கொண்டிருந்தது, இலை எது தண்டு எது என்று பார்க்காமல். திரையில் பார்த்த அதே சுவர்கள், அதே வேலி, அதே புளியமரம் வெளியே போயின. சிமெண்ட் பெஞ்சு வந்தது. தோளில் குழந்தை. குழந்தை ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு வந்தது.

அவள் எழுந்தாள்.

"செஷன் செங்கல்பட்டுலதான் முடியுது," என்றார் மேடம்.

"தெரியும் மேடம்."

"நீங்க எறங்கினா உங்க ஓய்வு பாதியில நிக்கும். நாளைக்கு வாசல்ல கார்டு சிவப்பு காட்டும். உள்ள வர முடியாம போகலாம்."

"சரி மேடம்," என்றாள். மடியிலிருந்த பேப்பரை நான்கு முனையும் சேர்த்துத் தூக்கி, கீரையோடு, அவர் மடியில் இருந்த பட்டியலின் மேல் வைத்தாள். "பாதி ஆய்ஞ்சாச்சு. மீதிய முடிச்சிடுங்க."

மேடம் அதைக் கையால் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆயும்மா," என்றாள் கன்னியம்மா. "சொம்மா வெச்சிகினு இருந்தா வாடிப்பூடும்."

ஞானஜோதி இறங்கினாள். கால் தரையில் பட்டபோதும் ரோஸி அவளைப் பார்க்கவில்லை. இன்னும் அடுத்த ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆல்வின்தான் முதலில் பார்த்தான். அவன் குழந்தையின் முகத்தை அவள் பக்கம் திருப்பினான். தோளிலிருந்து தோளுக்கு அந்தக் கனம் மாறியபோது, எந்த எண்ணாலும் குறிக்க முடியாத ஏதோ ஒன்று அவளிடம் வந்து நின்றது. நாளைக்கு வாசலில் என்ன ஆகும் என்ற நினைப்பும் கூடவே வந்து நின்றது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளின.

வண்டி நகர்ந்தது. ரோஸி வழக்கம்போல் அதற்குக் கைகாட்டினாள். லேடீஸ் பெட்டியின் ஒவ்வொரு ஜன்னலிலும் கழுத்தில் பட்டை மாட்டிய பெண்கள் குழந்தையைப் பார்த்தார்கள். பார்த்ததும், ஒருவர் விடாமல், மூச்சை ஆழமாக இழுத்து, நான்கு எண்ணி, விட்டார்கள். கடைசி ஜன்னலில் சுபத்ரா மேடம் குனிந்து எதையோ கிள்ளிக்கொண்டிருந்தார்.

"யாருடி இவங்கல்லாம்?" என்றான் ஆல்வின்.

"ஆபீஸ்," என்றாள்.

பஸ்ஸுக்கு இன்னும் பதினெட்டு நிமிடம் இருந்தது. மூவரும் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இத்தனை நாள் கேட்டு வாங்கிய நேரத்தில் என்ன பேசுவது என்று இருவருக்குமே தெரியவில்லை.